முதல் நான்கு அமெரிக்க அதிபர்களை அவர்களுடைய தோட்டம் வழியாகப் படிப்பது எப்படி

ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களைப் படிக்க ஆரம்பித்த புதிதில், போர், பணம், காங்கிரஸ் என்று வரும் பத்திகளை நின்று நிதானமாகப் படிப்பேன். எரு, வேலி, கோதுமை விதை என்று வந்தால் தாண்டிப் போய்விடுவேன். ஒரு மனிதர் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறார் என்றால் அவர் மனதில் இரண்டும் ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அப்புறம் தாண்டிய பத்திகளுக்கெல்லாம் திரும்பிப் போனேன். அமெரிக்கக் குடியரசு எப்படி உருவானது என்று நான் மனதில் வைத்திருந்த படம் அதோடு மாறிவிட்டது.

வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன், ஜேம்ஸ் மேடிசன், நான்கு பேருமே மண்ணோடு பழகியவர்கள். அதை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினால் பாதி விஷயம் கைவிட்டுப் போகும். இங்கிலாந்தை நம்பாமல் வாழ முடியுமா, சொந்த நிலத்தில் காலூன்றியவன் யாருக்கும் தலைவணங்க வேண்டியதில்லையா, அப்படியானால் அந்த நிலத்தில் வியர்வை சிந்தியவர்கள் யார் என்ற கேள்விகள் எல்லாம் அந்தப் பாத்திகளில்தான் கிடக்கின்றன. அவற்றை எப்படி எடுத்துப் படிப்பது என்று எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன். இதற்கு அமெரிக்கா போக வேண்டும் என்றுகூட இல்லை, முக்கால்வாசி வேலையை வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

முதலில் என்ன வேண்டும்

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘பவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் இந்த நான்கு பேரின் கடிதங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடலாம். ஜெபர்சன் 1766 முதல் 1824 வரை எழுதிவந்த தோட்டக் குறிப்பேட்டின் பக்கங்களை மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் அவர் கையெழுத்திலேயே பார்க்கலாம். 1766 மார்ச் 30 அன்று ஊதா நிற ஹயாசிந்த் பூக்க ஆரம்பித்தது என்பதுதான் அதில் முதல் வரி.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் தோட்டம், வலது பக்கம் அரசியல். தேடும்போது தோட்டம் என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எரு, விதை, கலப்பை, பட்டாணி, மரக்கன்று ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினால்தான் நல்ல கடிதங்கள் மாட்டும். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் இப்போதைய அமெரிக்க எழுத்துக்கூட்டலிலிருந்து வேறுபடும், கலப்பைக்கு plow, plough என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு தேதிகளை அருகருகே வையுங்கள்

முறையின் உயிர்நாடி இதுதான். தோட்டம் பற்றிய கடிதம் ஒன்று கிடைத்ததும், அதே வாரம் நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1776 ஆகஸ்ட் 19 தேதியிட்ட கடிதத்தில் தொடங்கச் சொல்வேன். அப்போது வாஷிங்டன் நியூயார்க்கில் இருக்கிறார். சுதந்திரப் பிரகடனம் வெளிவந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. எதிரே ஸ்டேட்டன் தீவில் 30,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் படையினர் இறங்கிவிட்டார்கள், அவர் படையில் பலர் பயிற்சியே இல்லாதவர்கள். அந்த நிலைமையில் உட்கார்ந்து, மவுண்ட் வெர்னன் பண்ணையைப் பார்த்துக்கொண்ட உறவினர் லண்ட் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதுகிறார். வீட்டின் இரண்டு பக்கமும் மரத்தோப்பு வைக்க வேண்டும், வரிசையாக நடாமல் காட்டில் இருப்பதுபோல் கலந்து நட வேண்டும், ஒரு பக்கம் லோகஸ்ட் மரங்கள், இன்னொரு பக்கம் காட்டு ஆப்பிள், டாக்வுட், சாசஃப்ராஸ், லாரல் மாதிரி பூக்கிற மரங்கள் என்று விவரமாகச் சொல்கிறார். எட்டு நாள் கழித்து லாங் ஐலண்ட் சண்டை, அதில் அவர் படை தோற்றது.

பெரும்பாலும் அந்த மண்ணில் தானாக வளர்கிற மரங்கள் அவை. இங்கிலாந்தோடு உறவு முறிந்த அதே கோடையில் வீட்டு வாசலில் அமெரிக்கக் காட்டை வைக்கச் சொல்கிறார் என்று வாசிக்கத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அதே கடிதத்தில் பிலடெல்பியாவிலிருந்து கிளை வாங்கி நடச் சொல்லும் தொங்கு வில்லோ அமெரிக்க மரமே இல்லை. இந்த மாதிரி இடிக்கும் விவரத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 1760களில் அவர் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறியது வரும். புகையிலை மண்ணை உறிஞ்சிவிடும், அது பாதி. மீதி பாதி, அதை லண்டன் வணிகருக்கு அனுப்பி, அவர் சொல்லும் விலைக்கு விற்று, அவரிடமே துணியும் சாமானும் கடனுக்கு வாங்கி, வருடா வருடம் கடன் ஏறிக்கொண்டே போவது. கோதுமையைத் தன் மில்லிலேயே அரைத்து மாவாக விற்கலாம். அரசியலில் இங்கிலாந்தை உதறுவதற்குப் பத்து வருடம் முன்பே வயலில் உதற ஆரம்பித்துவிட்டார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

1783 டிசம்பர் 23 அன்று அனாபொலிஸ் நகரில் காங்கிரஸ் முன்னால் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வீடு வந்து சேர்ந்தார். போரில் ஜெயித்த தளபதி அதிகாரத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பண்ணைக்குத் திரும்பியது அன்றைய உலகத்துக்கே ஆச்சரியம், ஏரைவிட்டுப் போருக்குப் போய் மறுபடியும் ஏருக்கே திரும்பிய பழைய ரோமானியர் சின்சினாட்டஸோடு அவரை ஒப்பிட்டார்கள். 1784 பிப்ரவரியில், போரில் தன்னோடு இருந்த பிரெஞ்சு நண்பர் லஃபாயெட்டுக்கு எழுதும்போது என் சொந்தத் திராட்சைக் கொடியின், அத்தி மரத்தின் நிழலில் இருக்கிறேன் என்கிறார். விவிலியத்திலிருந்து வரும் இந்த உவமை அவர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும். 1790இல் நியூபோர்ட் யூத சபைக்கு எழுதிய கடிதத்திலும் வருகிறது. அங்கே அது அவருடைய ஓய்வைப் பற்றியதாக இல்லை, எந்த மதத்தவரும் இந்த நாட்டில் தன் கொடியின் நிழலில் யாருக்கும் பயப்படாமல் உட்காரலாம் என்ற உறுதிமொழியாக மாறியிருக்கிறது. ஒரு தோட்டத்துச் சொல் ஆறு வருடத்தில் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள். இப்படி ஒரே சொல்லைப் பல வருடங்களுக்குத் தொடர்ந்து போவது நல்ல பயிற்சி.

ஒரே தோட்டம், இரண்டு கண்கள்

1786 ஏப்ரலில் ஆடம்ஸும் ஜெபர்சனும் இங்கிலாந்துத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். ஆடம்ஸ் அப்போது லண்டனில் தூதர், ஜெபர்சன் பாரிஸிலிருந்து வந்திருந்தார், வணிக ஒப்பந்தப் பேச்சு நகரவில்லை, கையில் நேரம் இருந்தது. ஸ்டோ, பிளென்ஹைம், லீசோஸ், ஹாக்லி என்று பல இடங்கள். இருவரும் குறிப்பு எழுதினார்கள். அவற்றைச் சேர்த்துப் படியுங்கள்.

ஜெபர்சனின் குறிப்பு கணக்குப்பிள்ளையின் குறிப்பு மாதிரி இருக்கும். ஸ்டோவில் பராமரிப்புக்கு 15 ஆட்களும் 18 பையன்களும் என்று எழுதுகிறார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, செலவு எவ்வளவு ஆகும், இதை நம் ஊரில் செய்ய முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. ஆடம்ஸ் ரசிக்கிறார், ஆனால் உறுத்தலோடு ரசிக்கிறார், மது தெய்வத்துக்கும் காதல் தெய்வத்துக்கும் தோட்டத்தில் கோயில் கட்டியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வொர்செஸ்டரில் உள்நாட்டுப் போர் நடந்த களத்தைப் பற்றி அக்கம்பக்கத்தவருக்கு எதுவும் தெரியவில்லை என்று கோபப்பட்டு, சுதந்திரத்துக்காகச் சண்டை போட்ட மண்ணை இவ்வளவு சீக்கிரம் மறப்பீர்களா என்று அவர்களுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டார்.

ஆடம்ஸைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதே வருடம் ஜூலையில் வருகிறது. லண்டனில் எட்ஜ்வேர் சாலையில் நடைப்பயிற்சிக்குப் போனவர், ஓரமாகக் குவித்திருந்த எருக் குவியல்களைப் பார்த்துவிட்டு நின்று, கவனமாக ஆராய்ந்து, இது நல்ல எருவாக இருக்கலாம் ஆனால் என் பண்ணையில் நான் தயாரித்ததற்கு ஈடாகாது என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். பிரிட்டனுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் தூதர், அந்த நாட்டின் தலைநகரில், சொந்த எருவை நினைத்துப் பெருமைப்படுகிறார்! அவருடைய அரசியலும் இதே குணம்தான், பளபளப்பில் மயங்காமல் தன் கை உழைப்பில் நம்பிக்கை வைப்பது. குவின்சியில் இருந்த தன் பண்ணைக்குப் பிற்பாடு ‘பீஸ்ஃபீல்ட்’ என்று பெயர் வைத்தார், அமைதி வயல் என்று சொல்லலாம். 1783இல் இங்கிலாந்தோடு சமாதானம் ஏற்படத் தானும் உழைத்ததன் நினைவும் அந்தப் பெயரில் இருந்தது.

மண்வெட்டி யார் கையில் இருந்தது

இந்தக் கேள்வியை எந்தப் பக்கத்திலும் விடாதீர்கள். கடிதத்தில் “நான் நட்டேன்” என்று இருந்தால் பக்கத்தில் “யார் குழி தோண்டினார்கள்?” என்று எழுதுங்கள். இதைக் கேட்காமல் இந்தத் தோட்டங்களைப் புகழ்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

வர்ஜீனியாவில் ஜெபர்சனின் பண்ணை வீடான மான்டிசெல்லோவில் அவருடைய காய்கறித் தோட்டம் 1,000 அடி நீளம். மலைச் சரிவை வெட்டி, கற்சுவர் எழுப்பி, தட்டையான தளமாக்கினார்கள். சுமார் 330 வகைக் காய்களையும் மூலிகைகளையும் அங்கே பரிசோதித்தார்கள். அந்தச் செம்மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் அடிமைகள். தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்தான், மண்ணில் உழைப்பவர்களே கடவுள் தேர்ந்தெடுத்த மக்கள் என்று எழுதியவர். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வர்ம்லி ஹ்யூஸ் என்ற பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். மான்டிசெல்லோவின் தலைமைத் தோட்டக்காரர், அடிமையாகப் பிறந்தவர், 1826இல் ஜெபர்சனுக்குக் கல்லறைக் குழி தோண்டியவரும் அவர்தான். அடுத்த ஜனவரியில் ஜெபர்சனின் கடனை அடைக்க 130 மனிதர்களை ஏலம் விட்டபோது, ஹ்யூஸின் மனைவியும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் விற்கப்பட்டார்கள்.

1799இல் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் தனக்குச் சொந்தமான 123 பேருக்கு, மனைவி காலத்துக்குப் பின் விடுதலை என்று வாஷிங்டன் உயிலில் எழுதினார், மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவியின் முதல் கணவர் சொத்து வழியாக வந்தவர்கள் என்பதால் அவரால் விடுவிக்க முடியவில்லை. ஆடம்ஸ் அடிமை வைத்துக்கொள்ளவே இல்லை, கூலியாட்களோடு தானும் வேலை செய்தார். சுதந்திர விவசாயி என்று நால்வரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை நான்கும் ஒன்றாக இல்லை, நோட்டில் இதற்குத் தனிப் பக்கமே ஒதுக்கலாம்.

தோட்டத்து எண்ணம் அரசு வேலையாக மாறிய இடங்கள்

இங்கேதான் வலது பக்கம் நிரம்பும். ஜெபர்சன் 1800 வாக்கில், நாட்டுக்குத் தான் செய்த சேவைகள் என்று தனக்காக ஒரு பட்டியல் போட்டார். சுதந்திரப் பிரகடனம் அதில் இருக்கிறது, மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, அதே பட்டியலில் ஆலிவ் கன்றுகளைத் தெற்கு மாநிலங்களுக்கு வரவழைத்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து மேட்டு நெல் கொண்டுவந்ததும் இருக்கின்றன. ஒரு நாட்டின் விவசாயத்தில் பயனுள்ள ஒரு செடியைச் சேர்ப்பதைவிடப் பெரிய சேவை இல்லை என்றும் அங்கேயே எழுதுகிறார். 1787இல் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் விதைநெல் ஏற்றுமதிக்குத் தடை இருந்தும், கோட்டுப் பைகளில் நிரப்பிக்கொண்டு வந்தவர் அவர். மேட்டு நெல்லில் அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது, தேங்கிய தண்ணீரில் விளையும் நெல் வயல்களில் வருடா வருடம் காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1791 மே, ஜூனில் அவரும் மேடிசனும் நியூயார்க், வெர்மான்ட் பக்கம் ஒரு மாதம் சுற்றினார்கள். செடி பார்க்கப் போகிறோம் என்றார்கள், கட்சி கட்டப் போகிறார்கள் என்று அவர்களுடைய அரசியல் எதிரியான நிதியமைச்சர் ஹாமில்டனின் ஆட்கள் சந்தேகப்பட்டார்கள். சுகர் மேப்பிள் மரத்தின் மேல் ஜெபர்சனுக்கு அப்போது பெரிய ஆசை, அதன் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தால் அடிமைகள் உழைப்பில் வரும் கரும்புச் சர்க்கரை வேண்டியதில்லை என்று. லாங் ஐலண்டில் ஒரு நாற்றுப்பண்ணையில் கன்றுகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார், மான்டிசெல்லோவில் நட்டும் பார்த்தார், அங்கே அது சர்க்கரை தரும் தோப்பாக வளரவில்லை. அடிமைச் சர்க்கரையை ஒழிக்க அடிமைகளை வைத்து மரம் நட்டார் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பிரான்ஸிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை வாங்கியதையும் இதே வரிசையில் வையுங்கள். 1787 டிசம்பரில் மேடிசனுக்கு எழுதும்போது, நம் அரசுகள் விவசாயத்தை நம்பி இருக்கும்வரை ஒழுக்கமாக இருக்கும், காலி நிலம் இருக்கும்வரை அது நடக்கும் என்கிறார் ஜெபர்சன். 1803இல் அதிபராக 1.5 கோடி டாலருக்கு நாட்டின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். அவருக்குக் காலியாகத் தெரிந்த நிலத்தில் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள், பின்னால் அவர்களைத் துரத்தித்தான் அங்கே பண்ணைகள் வந்தன. அந்த நிலத்தை ஆராய ஜெபர்சன் அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் பயணத்திலிருந்து கொண்டுவந்த விதைகள் பிலடெல்பியா நாற்றுப்பண்ணைக்காரர் பெர்னார்ட் மக்மாஹனிடம் போய்ச் சேர்ந்தன.

வாஷிங்டன் 1796 டிசம்பரில் கடைசி வருடாந்தர உரையில் விவசாயத்துக்கு அரசு வாரியம் வேண்டும் என்று கேட்டார், காங்கிரஸ் அப்போது செய்யவில்லை.

மேடிசனுக்கு ஒரே ஒரு உரையைப் படித்தால் போதும், ஆனால் அதை முழுதாகப் படியுங்கள். 1818 மே மாதம் ஆல்பெமார்ல் விவசாயச் சங்கத்தில் பேசியது. பதவி முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. வர்ஜீனியாவின் மண் செத்துக்கொண்டிருக்கிறது, எருவை வீணாக்குகிறோம், சரிவில் மேலும் கீழுமாக உழுது மண்ணை மழைக்குக் கொடுக்கிறோம், மரத்தைக் கண்மூடித்தனமாக வெட்டுகிறோம் என்கிறார். அதைவிட முக்கியம், இயற்கையில் உள்ள எல்லாம் மனிதனின் உபயோகத்துக்காக மட்டும் படைக்கப்பட்டவை என்று நினைக்க முடியாது, செடிகளுக்கும் விலங்குகளுக்கும் இடையே ஒரு சமநிலை இருக்கிறது என்று சொல்வது. அரசாங்கத்தில் ஒரு தரப்பு இன்னொன்றை விழுங்கிவிடாமல் சமன் வைக்க வழி தேடிய மூளைதான் வயலிலும் அதையே பார்க்கிறது என்பது என் வாசிப்பு. அவரே இரண்டையும் முடிச்சுப் போடவில்லை, அதனால் நோட்டில் “இது என் ஊகம்” என்று குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கே நிறுத்த வேண்டும்

இந்த முறை பழகிவிட்டால் எல்லாச் செடியிலும் அரசியல் தெரிய ஆரம்பிக்கும். அதற்குக் கடிவாளம் போட ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1787 கோடையில் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு மாநாடு நடந்தபோது, சிறிய மாநிலங்களும் பெரிய மாநிலங்களும் பிரதிநிதித்துவத்தில் முட்டிக்கொண்டு நின்றன. ஜூலை 14 அன்று பிரதிநிதிகள் சிலர் ஷூல்கில் ஆற்றங்கரையில் பார்ட்ரம் குடும்பம் வளர்த்த தாவரத் தோட்டத்துக்குப் போனார்கள். ஜூலை 16 அன்று சமரசம் 5க்கு 4 என்று தேறியது. பல மாநிலத்துச் செடிகள் ஒன்றாகச் செழித்திருந்ததைப் பார்த்து மனம் மாறினார்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் அந்தத் தோட்டத்தால்தான் வாக்கை மாற்றினேன் என்று போனவர் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது கேள்வி கேட்பதற்குப் போதும், பதில் சொல்வதற்குக் கூடுதல் சான்று வேண்டும். நான் இதை நோட்டில் கேள்விக்குறியோடுதான் வைத்திருக்கிறேன்.

நேரில் போக முடிந்தால்

மவுண்ட் வெர்னனில் முதலில் மாளிகைக்குள் போகாமல் வெளியே புல்வெளியைச் சுற்றிவரும் வளைந்த பாதையில் நடந்து, அப்புறம் 16 பக்கக் கதிரடிக்கும் களஞ்சியத்தைப் பாருங்கள், பொடோமாக் பக்கம் பண்ணையில் அதன் மறுகட்டுமானம் இருக்கிறது. மான்டிசெல்லோவில் காய்கறித் தளத்தில் நிற்கும்போது, அதற்கு மேலே ஒட்டி ஓடும் மல்பெரி ரோவைப் பாருங்கள், அடிமைகள் வேலை செய்ததும் பலர் குடியிருந்ததும் அந்த வரிசையில்தான். குவின்சியில் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் 1788இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை ரோஜா இன்னும் இருக்கிறது.

பார்ட்ரம் தோட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முடிந்தால் கோடை கடைசியில் போங்கள். ஜான் பார்ட்ரமும் மகன் வில்லியமும் 1765இல் ஜார்ஜியாவின் ஆல்டமஹா ஆற்றங்கரையில் கண்ட ஒரு சிறு மரத்துக்குப் பிற்பாடு பெஞ்சமின் பிராங்க்ளின் பெயர் வைக்கப்பட்டது. 1803க்குப் பிறகு அதைக் காட்டில் யாரும் பார்க்கவில்லை. இன்று உலகத்தில் இருக்கும் பிராங்க்ளினியா மரங்கள் எல்லாம் அவர்கள் எடுத்துவந்து வளர்த்த விதைகளின் வழி வந்தவை. ஆகஸ்டில் வெள்ளையாகப் பூக்கும், நடுவில் மஞ்சள்.